4/3 வெட்சூட்: டார்க்கி கடலில் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும்

மெல்பனின் மேற்குப் பக்கம், டார்னீட், விண்டம் வேல், பாயிண்ட் குக் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கிற இடங்களிலிருந்து டார்க்கி கடற்கரைக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சர்ஃபிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் என் வட்டத்திலேயே வருடா வருடம் கூடிக்கொண்டு வருகிறார்கள், எல்லோரும் முதலில் கேட்பது குளிர்ந்த கடலில் போடுகிற ரப்பர் உடையான வெட்சூட்டில் எதை வாங்குவது என்றுதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டார்க்கி, ஜான் ஜக், ஆங்கிள்சீ, ஓஷன் குரோவ் பக்கம் வருடம் முழுக்க இறங்கப் போகிறீர்கள் என்றால் முதல் சூட் 4/3 ஆக இருக்கட்டும் (இது ரப்பரின் தடிமன், கணக்கைக் கீழே சொல்கிறேன்). நெஞ்சில் ஜிப் இருப்பது, தையல் ஒட்டி மூடப்பட்டது, நடுத்தர விலை. அப்படி ஒன்றைத்தான் போன ஆனி மாதம், இங்கே குளிர்காலம் தொடங்கும்போது வாங்கி, குளிர்காலம் முழுக்கப் போட்டு, பின்னால் வந்த கோடையிலும் போட்டுப் பார்த்தேன். அந்த சூட்டைப் பற்றியும் அதை வாங்கித் தந்த கடைக்காரப் பெண்ணின் பொறுமையைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. எல்லாப் பெரிய பிராண்டிலும் மலிவு, நடுத்தரம், உச்சம் என்று மூன்று தட்டு உண்டு, மாடல் பெயரும் உள்துணியும் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு பிராண்டின் மலிவுத் தட்டுக்கும் உச்சத் தட்டுக்கும் இருக்கிற வித்தியாசம், இரண்டு பிராண்டுகளின் நடுத்தட்டுகளுக்கு இடையே இருப்பதைவிடப் பெரிது. எந்தத் தட்டு, எந்தத் தடிமன், உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு.

சரி, முதலில் கடல். கோவளத்தில் பலகை ஏறிப் பழகிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு வெட்சூட் என்பதே புது விஷயம். சென்னைக் கடல் தை மாதத்தில்கூட 25, 26 டிகிரிக்குக் கீழே அநேகமாக இறங்குவதில்லை, சித்திரை வைகாசியில் 29, 30. இலங்கையின் அறுகம் குடாவிலும் 27, 28 என்று இருக்கும். அங்கெல்லாம் வெயிலுக்கும் பலகை உராய்வதற்கும் ராஷ் வெஸ்ட் என்கிற மெல்லிய மேலாடை ஒன்றைப் போட்டால் முடிந்தது. டார்க்கியில் வருடத்தின் மிகச் சூடான நாட்களில், அதாவது தை கடைசியிலும் மாசியிலும், கடல் சுமார் 19 டிகிரி. ஆடி ஆவணியில் 13. சில நாள் அதற்கும் கொஞ்சம் கீழே. சிட்னியில் இருந்துவிட்டு மெல்பனுக்கு மாறி வருகிறவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெப்பமண்டல நீரைத் தெற்கே இழுத்து வருவதால் சிட்னியில் குளிர்காலத்திலேயே 18 டிகிரி அளவில் இருக்கும், அங்கே 3/2 தான் குளிர்காலச் சூட். இங்கே அதே 3/2 கோடைச் சூட். இங்கே வரும் அலை தென்பெருங்கடலில் இருந்து வருகிறது, அதை மறக்கக் கூடாது.

(4/3 என்றால் உடம்புப் பகுதியில் 4 மில்லிமீட்டர் தடிமன், கை கால்களில் 3. தோள் சுலபமாகச் சுழல வேண்டும் என்பதால் கைப்பகுதி மெலிது. 3/2, 5/4 எல்லாம் இதே கணக்குதான்.)

இன்னொன்றையும் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கடல் நிலத்தைவிட மெதுவாகச் சூடாகும், மெதுவாகக் குளிரும். தண்ணீர் நிறைய வெப்பத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளக் கூடியது, அலையும் காற்றும் மேல்நீரையும் அடிநீரையும் கலக்கிக்கொண்டே வேறு இருக்கின்றன. அதனால் காற்று மாறி ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் கடல் மாறும். சித்திரையில் வெளியே குளிர ஆரம்பித்துவிடும், ஸ்வெட்டர் எடுத்துவிடுவோம், ஆனால் கடல் இன்னும் 17 டிகிரியில் நன்றாகத்தான் இருக்கும். புரட்டாசியில் இது அப்படியே தலைகீழ். வெயில் அடிக்கிறது, மரமெல்லாம் பூக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, எல்லோரும் கிளம்பி வருகிறார்கள். கடல் அப்போதும் 13, 14 தான். வருடத்தில் மக்கள் அதிகமாக நடுங்குகிற மாதம் ஆடி இல்லை, புரட்டாசிதான் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஆடியில் எல்லோரும் தயாராக வருகிறார்கள், புரட்டாசியில் வெயிலை நம்பி வருகிறார்கள். தீபாவளி வரைக்கும் 4/3 ஐ மடித்து வைக்காதீர்கள்.

மேற்கே போர்ட்லாண்ட் வரை பயணம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது அந்தக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும்பி வருகிறது, பானி எழுச்சி என்பார்கள். அந்த நீரோடு வருகிற உணவைத் தேடி நீலத் திமிங்கலங்களே வருகின்றன. திமிங்கலத்துக்கு விருந்து, நமக்கு நடுக்கம். மாசி மாதத்தில்கூட அங்கே கடல் டார்க்கியைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கலாம். கடலின் வெப்பநிலையைக் காட்டும் செயலியில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு முழுக் கடற்கரைக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். செயலிகள் காட்டுகிற எண் பெரும்பாலும் செயற்கைக்கோள் பார்த்த மேற்பரப்புச் சூடு, அதுவும் கரையிலிருந்து தள்ளி.

இப்போது கடை. டார்க்கியில் நெடுஞ்சாலையை ஒட்டியே சர்ஃப் சிட்டி பிளாசா இருக்கிறது, பெரிய பிராண்டுகள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன, பின்தெருக்களில் பழைய மாடல்களைக் குறைத்து விற்கும் அவுட்லெட் கடைகள். ஆஸ்திரேலிய தேசிய சர்ஃபிங் அருங்காட்சியகமும் அதே வளாகத்தில்தான். ரிப் கர்ல், குவிக்சில்வர் இரண்டுமே 1969இல் இந்தச் சின்ன ஊரில் தொடங்கியவை. ரிப் கர்ல் அடுத்த வருடமே வெட்சூட் தைக்க ஆரம்பித்தது. அது தற்செயல் இல்லை. டார்க்கிக்குப் பக்கத்தில் இருக்கிற பெல்ஸ் பீச்சில் குளிர்காலத்தில்தான் நல்ல அலை, அந்தத் தண்ணீரில் சூட் இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? தேவைப்பட்டவர்களே தைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான், 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக நியோபிரீனில் சூட் செய்து பார்த்தார், சான் பிரான்சிஸ்கோவின் குளிர்ந்த அலையில் சறுக்கிக்கொண்டிருந்த ஜாக் ஓ'நீல் அதைச் சர்ஃபர்களுக்கான வியாபாரமாக வளர்த்தார்.

நான் போன கடையில் இருந்த பெண் முதலில் என் உயரத்தையோ எடையையோ கேட்கவில்லை. எந்தக் கடற்கரை, எந்த மாதங்கள், ஒரு தடவை இறங்கினால் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்பீர்கள், குளிர் தாங்குவீர்களா என்று கேட்டார். அது போதும் எனக்கு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் மூன்று அளவுகளை எடுத்துக் கொடுத்து, அவசரமே இல்லை, ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடமாடுங்கள் என்றார். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான். குனியச் சொன்னார், குத்த வைத்து உட்காரச் சொன்னார், துடுப்புப் போடுகிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்கச் சொன்னார். முதுகின் இடுப்புப் பள்ளத்தில் கை வைத்து, இங்கே துணி எழும்பி நிற்கிறது, இது வேண்டாம் என்று அடுத்த அளவைக் கொடுத்தார்.

அந்தப் பள்ளம்தான் விஷயமே. வெட்சூட் உடம்பை நனையாமல் வைத்திருப்பதில்லை. நியோபிரீன் என்பது உள்ளே நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பர் நுரை, அந்தக் குமிழிகள்தான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கின்றன. உள்ளே நுழைகிற கொஞ்சம் தண்ணீர் தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். அது அங்கேயே நிற்க வேண்டும். சூட் எங்காவது தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு தடவை அலையில் விழும்போதும் சூடான நீர் வெளியே போய்ப் புதுக் குளிர்நீர் முதுகில் இறங்கும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும், ஆகவே அந்த ஒரு டம்ளர் தண்ணீரைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். உடம்போடு ஒட்டிய 3/2, தொளதொளத்த 4/3 ஐவிடச் சூடாக இருக்கும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தடிமன் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நம் உடல்வாகுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அளவு அட்டவணைகள் பெரும்பாலும் நெடிய காலும் அகன்ற தோளும் உள்ளவர்களை வைத்துத் தயாரானவை. ஆண்களில் நிறையப் பேருக்கு மீடியம் போட்டால் இடுப்பு சரி, கால் நீளம், முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக நிற்கும். என் வீட்டுக்காரருக்கு எம்எஸ், அதாவது மீடியம் ஷார்ட், கச்சிதமாகப் பொருந்தியது. அப்படி ஒரு அளவு இருப்பதே பலருக்குத் தெரியாது, கடையில் கேட்டால்தான் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். பெண்கள் அளவிலும் சில பிராண்டுகளில் 6எஸ், 8எஸ் என்று குட்டை அளவு உண்டு. கடையில் போட்டுப் பார்க்கும்போது மூச்சு விட முடிய வேண்டும், ஆனால் சௌகரியமாக இருக்கிறதே என்று தோன்றக் கூடாது. கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், தண்ணீரில் ஊறினால் இளகும்.

தையலைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை வித்தியாசத்தில் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது. பிளாட்லாக் என்கிற தட்டைத் தையல் பார்க்க அழகாக, ரயில் தண்டவாளம் போல இருக்கும், ஊசி துணியை முழுக்கத் துளைத்துப் போகும், அந்தத் துளை வழியே தண்ணீர் கசியும். 18 டிகிரிக்கு மேலே பரவாயில்லை, அதற்குக் கீழே வேண்டாம். குளிர்காலச் சூட்டில் இரண்டு விளிம்பையும் முதலில் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் பாதி ஆழத்திலேயே தைப்பார்கள். அதற்கும் மேலே உள்பக்கம் நாடா ஒட்டுவதோ திரவ ரப்பர் பூசுவதோ விலை கூடிய சூட்களில். எனக்குத் தெரிந்த ஒருவர் ஓர் இணையக் கடையில் குளிர்காலச் சூட் என்று போட்டிருந்ததைப் பாதி விலைக்கு வாங்கினார். 4/3 தான், எண் சரிதான், வந்து பார்த்தால் முழுக்கப் பிளாட்லாக் தையல். ஆவணி மாதத்தில் இருபது நிமிடத்தில் உதடு நீலமாகிக் கரையேறினார். படத்தைப் பெரிதாக்கித் தையலைப் பாருங்கள், அல்லது கடைக்கே எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

என் சூட் ஒட்டித் தைத்து, முக்கியமான மூட்டுகளில் மட்டும் நாடா ஒட்டியது. நெஞ்சிலும் முதுகிலும் உள்ளே பஞ்சு போன்ற உள்துணி. 13 டிகிரி நீரில் ஒன்றரை மணி நேரம் தாராளமாக இருக்க முடிந்தது, அதற்கு மேல் விரல்கள் விறைக்க ஆரம்பிக்கும், உடம்பு நன்றாகத்தான் இருக்கும். முதல் தடவை தலையோடு அலைக்குள் முங்கும்போது நெற்றி விண்ணென்று வலிக்கும், அதைச் சூட் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டு மூன்று அலைக்குப் பிறகு பழகிவிடும். எனக்கு அதிகம் தெரிந்த வித்தியாசம் காற்று. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று அலையை நன்றாக நிமிர்த்தும், ஆனால் நனைந்த உடம்போடு பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும்போது அது எலும்பு வரை இறங்கும். நெஞ்சுப் பகுதி வழுவழுப்பான ரப்பராக இருந்ததால் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிட்டது, அதனால் காற்று அவ்வளவு குத்தவில்லை. ஒரே தடிமன் உள்ள இரண்டு சூட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நெஞ்சு வழுவழுப்பாக இருப்பதை எடுங்கள்.

பூட்ஸ் தனியாக வாங்க வேண்டும், 3 மில்லிமீட்டர் போதும். குளிருக்காக மட்டும் இல்லை, ஜான் ஜக் தொடங்கி மேற்கே பல இடங்களில் பாறைமேல் நடந்துதான் இறங்க வேண்டும். கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கிற மாதிரி எடுத்தால் பலகையில் பிடிமானம் நன்றாக இருக்கும். தலையை மூடுகிற ஹூட் எனக்குத் தேவைப்படவில்லை. கையுறை இந்தக் கரைக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து, துடுப்புப் போடும்போது கை கனக்கிறது. 5/4 சூட்டும் இங்கே அதிகப்படி. டாஸ்மேனியாவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் யோசிக்கலாம்.

கோடையில் எப்படி? மார்கழி வரை நன்றாக இருந்தது. தை, மாசியில் 19 டிகிரி நீரில், வெயிலும் சேர்ந்தால், உள்ளே வேர்த்துவிடுகிறது. அந்த இரண்டு மாதத்துக்கு 3/2 இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காலையில் சீக்கிரம் இறங்கினால் சமாளிக்கலாம். முதல் வருடத்திலேயே இரண்டு சூட் வாங்காதீர்கள். குளிரும்போது மேலே போட ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிட, சூடாக இருந்தால் கழுத்தை இழுத்துக் கொஞ்சம் தண்ணீர் உள்ளே விட்டுக்கொள்ளலாம்.

நம் பெண்களுக்காகச் சில விஷயம், எந்த விமர்சனத்திலும் இது வராது. நீளமான சடை இருந்தால் முதுகு ஜிப் சூட் வாங்காதீர்கள், கழுத்தில் இருக்கும் வெல்க்ரோ முடியைப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது உயிர் போகும். நெஞ்சு ஜிப்பில் அந்தத் தொல்லை இல்லை, முதுகு வழியே தண்ணீர் கசிவதும் குறைவு. வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், கண்ணாடி வளையல் உள்துணியைக் கிழிக்கும். மெட்டியோடு பூட்ஸ் போட்டால் விரல் நசுங்கும். தாலிச் செயின் கழுத்துப் பட்டைக்கு அடியில் உப்புநீரோடு உராய்ந்து தோலைப் புண்ணாக்கிவிடும், கழற்ற மனம் வராதவர்கள் மெல்லிய கயிறாக மாற்றிக்கொண்டு ராஷ் வெஸ்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். நகம் நீளமாக இருந்தால் சூட்டை இழுத்து ஏற்றும்போது ரப்பரில் பிறை பிறையாக வெட்டு விழும், விரல் நுனிச் சதையால் பிடித்து இழுக்க வேண்டும். விழுந்துவிட்டால் நியோபிரீன் பசை கடையில் கிடைக்கிறது.

நீச்சலுடை போடத் தயங்கியே கரையில் உட்கார்ந்துவிடுகிற பெண்கள் எத்தனை பேர். வெட்சூட் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிறது, தண்ணீரில் எல்லோரும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே குளிர்ந்த கடல் எனக்குப் பிடிக்கும். என் அண்ணி நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாகக் கடலுக்குள் இடுப்பளவுக்கு மேல் போனது இங்கேதான், வாடகைச் சூட்டில்.

குறைகளும் இருக்கின்றன. நெஞ்சு ஜிப் சூட்டைக் கழற்றுவது பெரிய வேலை, விறைத்த விரலோடு தோள் வழியே உருவ வேண்டும், ஆரம்பத்தில் இன்னொருவர் கை கொடுத்தால்தான் முடியும். கழுத்துப் பட்டை முதல் சில வாரம் அறுத்தது, வாஸ்லின் தடவிச் சமாளித்தேன். முழங்கால் பட்டை கொஞ்சம் மேலே தைக்கப்பட்டிருக்கிறது, மண்டியிட்டு எழும் பழக்கம் இன்னும் போகாதவர்களுக்குச் சரியான இடத்தில் இல்லை. பஞ்சு உள்துணி காயக் குளிர்காலத்தில் இரண்டு நாள் ஆகிறது, சனி காலை போட்டதை ஞாயிறு காலை ஈரத்தோடுதான் ஏற்ற வேண்டும். விலை கூடிய சூட்கள் வேகமாகக் காயும் என்பது உண்மை, வார இறுதியில் இரண்டு நாளும் இறங்குகிறவர்களுக்கு அது பயன்படும்.

பராமரிப்பு சுலபம். நல்ல தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். தோளில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் தோள் நீண்டுவிடும், இடுப்பில் மடித்துக் கொடியில் போட்டு நிழலில் காயவிடுங்கள். கார் டிக்கியில் வெயிலில் விட்டு வைக்காதீர்கள், ரப்பர் இறுகிவிடும்.

நியோபிரீன் வேண்டாம் என்பவர்களுக்கு இயற்கை ரப்பர் சூட்களும் இருக்கின்றன. நியோபிரீன் முழுக்கச் செயற்கை ரப்பர், செய்ய நிறைய எரிசக்தி பிடிக்கும். படகோனியா நிறுவனம் 2016இல் யூலெக்ஸ் என்கிற மர ரப்பருக்கு மாறியது. அவர்கள் ஆர்1, ஆர்2, ஆர்3 என்று கடலின் வெப்பநிலையை வைத்தே சூட்களை வகைப்படுத்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: 13 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஆர்2, 9 முதல் 13 வரை ஆர்3. டார்க்கிக் குளிர்காலம் அந்த இரண்டின் எல்லையில் நிற்கிறது. விலை அதிகம். என்னிடம் பணம் சேர்ந்தால் அடுத்தது அதுதான்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சூட் கொஞ்சம் மிதக்கும், அதை உயிர்காக்கும் உடை என்று நம்பாதீர்கள். முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் ஆங்கிள்சீயிலோ டார்க்கியிலோ ஒரு பயிற்சி வகுப்பில் சேருங்கள். சூட்டும் பலகையும் அவர்களே தருவார்கள், 4/3 உங்களுக்குப் போதுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பெல்ஸ் பக்கம் பார்க்க மட்டும் போங்கள்.

விலை: மலிவுத் தட்டில் 4/3 சுமார் 200 முதல் 250 டாலர், நடுத்தட்டு 350 முதல் 450, உச்சம் 600க்கு மேல். என்னுடையது நடுத்தட்டு, கொடுத்த காசுக்குத் தகும், ஐந்துக்கு நான்கு. குளிர்காலம் முடியும்போது அந்த வருட மாடல்களைக் குறைத்துத் தள்ளுவார்கள், அவுட்லெட்டில் அளவு கிடைத்தால் அப்போது வாங்குங்கள். பிள்ளைகளுக்குப் புதிது வாங்க வேண்டாம், ஒரே வருடத்தில் கை கால் நீண்டுவிடும். பழைய சூட் நிறையக் கிடைக்கிறது, வாங்கும்போது முழங்காலையும் அக்குளையும் இழுத்துப் பாருங்கள், மேல்ரப்பரில் கோடு கோடாக வெடிப்பு தெரிந்தாலோ கையில் எடுக்கும்போது அட்டை மாதிரி விறைப்பாக இருந்தாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.